உமக்கு இதில் என்ன கிடைக்கும்?

என் மகளே,

ஒஷாவாவில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் ஒற்றை அறை அலுவலகத்துக்கு அடுத்த வாரம் பெயர்ப்பலகை மாட்டப்போகிறாய் என்று அம்மா சொன்னார். பல் வைத்தியர் ஒருவரின் சிகிச்சை நிலையத்துக்கு மேல்மாடி என்றும், படியேறும்போது மருந்து வாசம் வருகிறது என்றும், வாகனம் நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். ஆனால் தொலைபேசியில் நான் பேசுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், அதற்குரிய விதிவிலக்குகளை அடுக்குவேன், நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், நான் சொல்லவந்ததைச் சொல்லுமுன் உனக்கு வேறோர் அழைப்பு வந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். இதை வேறு பெற்றோரும் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் உன் பெயரையும் பெரியம்மாவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். பெரியம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "என்ர பேரைப் போடும் தம்பி, எனக்கு ஆரிட்டப் பயம்?" என்றார். இருந்தாலும் போடவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உன் நினைவில் அது வேறு விதமாக இருந்தால் எனக்குச் சொல். பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா ஸ்காபரோ வீட்டில் சிறிது காலம் தனியே இருந்து பார்த்தார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு படியேற முடியாமற் போனதால், வீட்டை விற்றுவிட்டு நமக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்தார். பிள்ளைகள் இல்லாதவர். வீடு விற்ற காசுதான் அவருடைய மிச்ச வாழ்க்கைக்கு இருந்த ஒரே பெரிய ஆதாரம். றிச்மண்ட் ஹில் பக்கம், சோறும் கறியும் சமைத்துக் கொடுக்கும் முதியோர் குடியிருப்பு ஒன்றில் தன் பெயரைப் பதிந்துவைத்திருந்தார். அங்கே இடம் எடுப்பது ஆயுள் குத்தகை முறையில். பெரிய தொகையொன்றை முன்கூட்டியே கட்ட வேண்டும். இடம் காலியாகிவிட்டது என்ற அழைப்பு நாளைக்கும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். வரும்போது காசு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

சத்திரசிகிச்சைக் காலத்தில், தன் சார்பில் பணவிடயங்களைக் கவனிக்கும் அதிகாரத்தைப் பெரியம்மா எனக்குத் தந்திருந்தார். அந்த அற்றோணித் தத்துவப் பத்திரத்தை நான் எழுதவில்லை. என் அலுவலகம் இருக்கும் மாடியிலேயே இன்னொரு சட்டத்தரணி இருக்கிறார். பெரியம்மாவை அவரிடம் தனியே அனுப்பி எழுதவைத்தேன். ஆவணத்தில் அதிகாரம் பெறுகிறவன் தன் கையால் அந்த ஆவணத்தை எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. அன்றிலிருந்து அவருடைய வாடகை, மின்கட்டணம், மருந்துச் செலவு எல்லாவற்றையும் அவருடைய கணக்கிலிருந்து நான்தான் கட்டிவருகிறேன்.

நீ அப்போது வங்கிக் கருமபீடத்தில் காசு எண்ணிக் கொடுக்கும் வேலையை விட்டு, காப்புறுதியும் முதலீடும் விற்கும் நிறுவனமொன்றில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெற்றுவிட்டாய். சம்பளம் கிடையாது, தரகு மட்டும். முதல் ஆண்டுக்கு ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். முதலில் சொந்தக்காரரிடம் போங்கள், அவர்கள் உங்களை மறுக்க மாட்டார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். நீ அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நம்மவர் வீடுகளில் காப்புறுதி விற்க வருகிறவர் மச்சானாகவோ, ஊர்க்காரராகவோ, மகளின் சிநேகிதியாகவோதான் வருவார். மாம்பழப் பெட்டியோடு வருவார். தேநீர் குடிப்பார், சில வேளை சோறும் சாப்பிடுவார், அதன் பிறகுதான் பத்திரங்கள் வெளியே வரும். சாப்பாடு போட்ட கையால் அவரிடம் "உங்களுக்கு இதில என்ன கிடைக்கும்?" என்று கேட்பது எவருக்கும் வராது. கேட்டால் அவமதிப்பு. கேட்காமல் கையெழுத்திடுவது பாசம்.

சித்திரை வருடப்பிறப்பன்று பெரியம்மா நம் மூவரையும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். பெரியவர்கள் கையால் ஆண்டின் முதற் காசு தரும் கைவிசேஷத்தின் சுபநேரத்துக்குக் காத்திருந்தோம்.

"எந்தப் பஞ்சாங்கம் அக்கா?" என்று அம்மா கேட்டார்.

"எந்தப் பஞ்சாங்கமெண்டாலும் அது ஊர் நேரமடி. அங்க இப்ப ஆக்கள் நித்திரை. நான் ரொறன்ரோ நேரம் பாத்து வைச்சிருக்கிறன், நீ பேசாமல் இரு."

நேரம் வந்ததும் எனக்கும் அம்மாவுக்கும் வெற்றிலையில் பாக்கும் நெல்லும் ஒரு காசுத்தாளும் வைத்துத் தந்தார். நீ குனிந்து கைநீட்டினாய். உன் வெற்றிலையின் கீழே மடித்த காசோலை இருந்தது. நீ விரித்ததும் தெரிந்தது, வீடு விற்ற காசு முழுவதும். அதில் உன் பெயர் எழுதியிருந்தது.

"பிள்ளை, இதை நல்ல இடமாப் பாத்துப் போட்டுவிடு. உன்ர தொழில் என்ர கையால தொடங்கட்டும்" என்றார் பெரியம்மா. உன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதற்கும் மேலாகக் காசோலையில் இருந்த பெயரைப் பார்த்தேன்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இது கைவிசேஷமோ, முதலீடோ?"

"ரெண்டும்தான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கைவிசேஷமெண்டா இது இனிப் பிள்ளையின்ர காசு. முதலீடெண்டா இது உங்கட காசு."

"பிள்ளையின்ர எண்டா என்ன, என்ர எண்டா என்ன?"

"வருஷம் பிறந்த உடனயே கோர்ட்டைத் திறந்துபோட்டியளே!" என்றார் அம்மா. "சாப்பிட்டுட்டு வழக்குப் பேசுங்கோ."

நான் உன்னைப் பார்த்து, "பிள்ளை, அதை வாங்காதை" என்றேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. கைவிசேஷத்தைத் திருப்பிக்கொடுத்தால் கொடுத்தவருக்கு ஆண்டு முழுவதும் மனம் சரிவராது என்று எனக்குத் தெரியும். நீ என்னைவிடக் கெட்டிக்காரி. வெற்றிலையையும் நெல்லையும் எடுத்துக்கொண்டாய், காசோலையை மட்டும் பெரியம்மாவின் மடியில் வைத்தாய், காலைத் தொட்டுக் கும்பிட்டாய், சாப்பிடாமலே வெளியே போனாய். நான் உன் பின்னால் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தேன்.

"வேற ஆரும் வந்து வித்தா உங்களுக்கு ஓகே அப்பா. உங்கட மகள் வித்தாத்தான் கிரைம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நான் பெரியம்மாவை ஏமாத்துவன் எண்டு நினைக்கிறீங்களோ? நேரடியாச் சொல்லுங்கோ."

"இல்லை."

"அப்ப என்ன?"

நான் "சட்டத்தின் பார்வையில்" என்று தொடங்கினேன். நீ கார்க் கதவைச் சாத்தினாய்.

அன்று முடிக்காமற் போன வாக்கியத்தை இங்கே முடிக்கிறேன். நலமுரண் என்பது ஒருவருடைய குணத்தைப் பற்றிய சொல் அல்ல, அவர் இருக்கும் இடத்தைப் பற்றிய சொல். இரண்டு பேருடைய நன்மை இரண்டு திசையில் இழுக்கும்போது நடுவில் ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவர் நலமுரணில் இருக்கிறார். ஏமாற்றுக்காரருக்கு இந்த விதிகள் தேவையில்லை, அவர்களுக்குக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. இவை நல்லவர்களுக்காக எழுதப்பட்டவை. நல்லவர்கள்தான் தங்கள் மனத்தை நம்பித் தங்கள் இடத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

என் அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகன் பிறம்ரனில் பார ஊர்தித் தொழில் தொடங்குகிறார், கடனுக்குத் தாயின் வீட்டைப் பிணையாக வைக்கிறார். தாய்க்குத் தனியாகச் சட்ட ஆலோசனை கொடுக்க வேண்டும் என்று வங்கி கேட்டிருந்தது. மகனை வெளியே இருக்கச் சொன்னேன். அந்த அம்மா என்னை முறைத்தார். "என்ர பிள்ளையை வெளியில இருத்திப்போட்டு நீர் என்னட்ட என்ன ரகசியம் கேக்கப்போறீர்?" என்றார். "ரகசியம் இல்லை அம்மா. தொழில் சரிவராட்டி நீங்கள் எங்க இருப்பியள் எண்டுதான் கேக்கப்போறன்" என்றேன். அவர் கைப்பையை மடியிலிருந்து மேசைக்கு மாற்றினார். பிறகு, "அதை நான் அவனுக்கு முன்னால யோசிக்கக்கூட மாட்டன்" என்றார். கடைசியில் கையெழுத்திட்டார், ஆனால் வீட்டின் முழுப் பெறுமதிக்கும் இடவில்லை. ஒரு பகுதிக்கு மட்டும். அந்த மகன் நல்ல மகன். மகன் கூடாதவர் என்பதற்காக அந்தக் கதவைச் சாத்தவில்லை. தாய் தன்னைப் பற்றி யோசிக்க அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டியிருந்தது.

நீ பெரியம்மாவின் காசை எந்தத் திட்டத்தில் போட்டிருப்பாய் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வேலையில் சேருமுன் உன் ஒப்பந்தத்தை என்னிடம்தானே வாசிக்கத் தந்தாய். உன் நிறுவனம் அதிகம் விற்கச் சொன்ன முதலீட்டுத் திட்டத்தில், விற்றவருக்குத் தரகு முழுவதும் தொடக்கத்திலேயே கிடைக்கும். முன்பெல்லாம் இப்படியான திட்டங்களிலிருந்து இடையில் காசை எடுத்தால் எடுத்தவரிடமே தண்டம் அறவிட்டார்கள். எத்தனையோ முதியவர்கள் அதில் நொந்துபோனார்கள், கடைசியில் அதைத் தடைசெய்தார்கள். நல்ல சீர்திருத்தம். ஆனால் உன் ஒப்பந்தத்தில் சுமை வேறு தோளுக்கு மாறியிருந்தது. குறித்த காலத்துக்குள் வாடிக்கையாளர் காசை எடுத்தால், விற்றவர் தான் பெற்ற தரகைத் திருப்பிக் கட்ட வேண்டும். முதியோர் குடியிருப்பிலிருந்து பெரியம்மாவுக்கு அழைப்பு வரும் நாளில், அவருக்கு அது நல்ல செய்தி, உனக்கு அது கடன். நீ அவரைத் தடுக்க மாட்டாய் என்று நான் அறிவேன். ஆனால் அப்படியொரு நிலையில் உன்னைக் கொண்டுபோய் வைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை, உன் நிறுவனத்துக்கும் இல்லை, அன்பு மிகுந்த பெரியம்மாவுக்கும் இல்லை. இதைத்தான் தரிப்பிடத்தில் சொல்ல நினைத்தேன். இவ்வளவு நீளமான வாக்கியத்துக்குக் கார்க் கதவு காத்திருக்காது என்பது நியாயமே.

அதன் பிறகு நீ என்னுடன் பேசவில்லை. அம்மாவுடன் பேசினாய். ஒரு மாலை அம்மா சமையலறையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, உங்கட மகள் கேக்கிறாள், வாங்கின கொமிஷனைத் திருப்பிக் கட்டுறதுக்குத் தமிழில என்னெண்டு சொல்லுறதாம்?"

"எதுக்காம்?"

"அதை நீங்களே கேளுங்கோவன். நான் என்ன ரெண்டு பேருக்கும் தபால்காரியோ?"

"திருப்பி அறவிடுதல் எண்டு சொல்லு."

அம்மா அதை உன்னிடம் சொன்னார், உன் பதிலைக் கேட்டார், சிரித்தார். "உப்பிடிச் சொன்னாப் பெரியம்மா தன்னைப் பொலிஸ் பிடிக்கப் போகுதெண்டு நினைப்பாவாம்." பிறகு என்னை விட்டுவிட்டு நேரே உன்னிடமே சொன்னார்: "எடியே, 'நீங்கள் காசை எடுத்தா நான் வாங்கினதைத் திருப்பிக் குடுக்க வேணும்' எண்டு சொல்லன். அதுக்கு ஏன் பெரிய தமிழ்?"

நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன், நீ பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறாய் என்று. அன்றிரவு எனக்கிருந்த நிம்மதியை உன்னிடம் நேரில் சொன்னதில்லை.

நீ பெரியம்மாவிடம் போய்வந்த மறுநாள் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை அப்படியே ஒப்புவித்தார். அவர் சொன்னபடி எழுதுகிறேன், மிகைப்படுத்தியிருந்தால் பொறுப்பு அவருடையது. நீ தேநீர் குடிக்குமுன்பே பேச்சைத் தொடங்கினாயாம். "பெரியம்மா, இந்தக் காசை நீங்கள் என்னட்டத் தந்தா எனக்கு இவ்வளவு வரும்" என்று தொகையைச் சொன்னாயாம். பெரியம்மாவுக்கு முதலில் வந்தது பெருமிதம்.

"அவ்வளவோ! என்ர பெட்டை எவ்வளவு கெட்டிக்காரி! அப்ப கட்டாயம் தரத்தான் வேணும்."

"இன்னும் முடியேல்லை பெரியம்மா. றிச்மண்ட் ஹில்லில இடம் கிடைச்சு நீங்கள் ஒண்டு ரெண்டு வருஷத்துக்குள்ள காசை எடுத்தா, நான் வாங்கினதைத் திருப்பிக் குடுக்க வேணும்."

"நீ செலவழிச்சிருப்பாயே."

"ஓம். கார்க் காசு, வாடகை எல்லாத்துக்கும் போயிருக்கும்."

"அப்ப நான் காசு கேட்டு வாறனெண்டா உனக்குக் கடன்காரன் வந்த மாதிரி இருக்கும்."

"ஓம் பெரியம்மா."

"அப்ப நான் கேக்க மாட்டன்."

"அதுதான் பெரியம்மா பிரச்சினை."

இதைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அவள் அப்பிடிச் சொன்ன உடன எனக்குத் திக்கெண்டுது" என்றார். "நான் உண்மையாக் கேட்டிருக்க மாட்டன். இடம் வந்தாலும் வேண்டாமெண்டு சொல்லியிருப்பன். இந்தக் கட்டடத்திலயே கிடந்திருப்பன். ஒருத்தருக்கும் காரணம் தெரிஞ்சிருக்காது."

மகளே, நான் இத்தனை ஆண்டுகள் சட்டம் படித்தும், வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்லியும், இந்த ஆபத்தைக் காணவில்லை. ஆலோசகர் வாடிக்கையாளரைத் தடுத்துவிடுவாரோ என்றுதான் நான் பயந்தேன். நம்மவரிடையே வாடிக்கையாளரே தன்னைத் தடுத்துக்கொள்வார். உன்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பதற்காகத் தன் காசைத் தானே கேட்காமல் இருந்துவிடுவார். எந்த ஒழுங்குவிதியும் அதைப் பிடிக்காது, ஏனென்றால் முறைப்பாடு ஒன்றும் வராது. எல்லோரும் அன்பாகவே இருப்பார்கள். நீ அதைக் கண்டாய். கண்டதோடு, உனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் அதைச் சொன்னாய்.

பெரியம்மாவின் காசு இப்போது வங்கி வைப்புகளில், வைப்புக் காப்புறுதியின் எல்லைக்குள் பிரித்துப் போடப்பட்டு, வேறுவேறு காலத்தில் முதிரும்படி இருக்கிறது. ஒரு பகுதியை எந்த நேரமும் எடுக்கலாம். உனக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவில் உன் இலக்குத் தவறியது. உன் மேலாளர் உன்னை அழைத்து, சொந்தப் பெரியம்மாவுக்கே விற்க முடியாதவர் வேறு யாருக்கு விற்பார் என்று கேட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ விலகல் கடிதம் கொடுத்தாய். அதன் பிறகு மேற்கொண்டு படித்து, பரீட்சை எழுதி, தரகு வாங்காமல் ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் தொழிலைத் தொடங்குகிறாய். ஒன்ராறியோவில் இப்போது நினைத்தவரெல்லாம் தம்மை நிதித் திட்டமிடுநர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. உன் பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் போட உனக்கு உரிமை உண்டு, போடு, சற்றுப் பெரிய எழுத்திலேயே போடு.

இந்தத் தொழில் முதலில் கடினமாக இருக்கும். "கதைக்கிறதுக்கும் காசோ?" என்று கேட்பார்கள். உன்னிடம் வராமல், ஒரு சதமும் வாங்காத மச்சானிடம் போவார்கள். மச்சான் எங்கிருந்து வாங்குகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள்மேல் கோபப்படாதே. கட்டணத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பது வலிக்கும், மறைவாகக் கழிவது வலிக்காது. கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே, தமிழில், வாய்விட்டுச் சொல். எழுத்தில் கொடுத்தால் சட்டம் திருப்திப்படும், ஆனால் பெரியம்மா அந்தத் தாளை வாசிக்காமலே குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்திருப்பார். வேறெங்காவது கையெழுத்திட்டுவிட்டுப் பதறிக்கொண்டு வருகிறவர்களிடம், சில ஒப்பந்தங்களில் மனம் மாறச் சில நாட்கள் அவகாசம் உண்டு என்பதை முதலில் சொல். கண்டனம் பிறகு. ஒரு முதியவர் பிள்ளையோடு வந்தால், கொஞ்ச நேரமாவது அவரைத் தனியே இருத்திப் பேசு. முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பெரியம்மாவுக்கு நீ செய்ததன் விளைவு என்னவென்று நீ முழுவதும் அறியமாட்டாய். அவர் இப்போது எல்லோரிடமும் கேட்கிறார். தொலைபேசியில் இணைய இணைப்பு விற்க வந்த இளைஞனிடம் கேட்டார், அவன் இணைப்பையே துண்டித்துவிட்டான். காது மெஷின் விற்கும் தமிழ்ப் பொடியனிடம், "தம்பி, விலை கூடின மெஷினை வித்தா உமக்கு இதில என்ன கிடைக்கும்?" என்று கேட்டாராம். அந்தப் பொடியன் திகைத்து, பிறகு உண்மையைச் சொல்லி, மலிவான ஒன்றே போதும் என்று கொடுத்தானாம். "நல்ல பொடியன். ஆரும் கேட்டாச் சொல்லுறதுக்கு ரெடியாத்தான் இருக்கிறான். கேக்கத்தான் ஆளில்லை" என்றார்.

பிறகு சென்ற மாதம், நான் அவருடைய மின்கட்டண விபரத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, என்னிடமும் கேட்டார்.

"தம்பி, நீர் என்ர காசு பாக்கிறீர். உமக்கு இதில என்ன கிடைக்கும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே பதில் சொன்னேன். இந்த அதிகாரத்தைப் பெற்றவர் தன் உழைப்புக்குக் குறித்த ஒரு வீதத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது, பத்திரத்தில் வேண்டாம் என்று எழுதியிருந்தாலன்றி. அவருடைய பத்திரத்தில் அப்படி எழுதவில்லை. நான் இதுவரை எதுவும் எடுக்கவில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை.

"எடுக்கேல்லை எண்டது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அக்கா, நான்…"

"கோவிக்காதையும். நீர் எடுக்க மாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். ஆனா எடுக்கலாம் எண்டதை நீர் எனக்குச் சொல்லேல்லை. எடுக்காட்டிலும் சொல்லியிருக்க வேணும், தம்பி."

அவர் சொன்னது சரி. பத்திரத்தை வேறொருவரைக்கொண்டு எழுதுவித்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கணக்கை யாராவது பார்க்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். "உம்மட மகள் பாக்கட்டும். சும்மா வேண்டாம், மணித்தியாலத்துக்கு எவ்வளவோ அதை நான் குடுப்பன்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்தது. உனக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்து, வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாய். அதுவே புதுமை.

"அப்பா, நான் அதைச் செய்யேலாது."

"ஏன், நேரமில்லையோ?"

"நான் உங்கட மகள். உங்கட கணக்குச் சரி எண்டு நான் சொன்னா அதுக்கு என்ன பெறுமதி? பிழையொண்டு கண்டாலும் எனக்குச் சொல்ல மனம் வருமோ?"

"நீ சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே அப்பா."

நீ தொடர்ந்தாய்: "கணக்காளர் ஒருத்தரின்ர பேர் அனுப்புறன். மார்க்கம் நகரில இருக்கிறா. எங்களுக்குச் சொந்தமில்லை. உங்களை அவவுக்குத் தெரியாது. உங்களை அனுப்பினதுக்கு அவவிட்டயிருந்து எனக்கு ஒரு சதமும் வராது. அதையும் பெரியம்மாட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன். பெரியம்மா, "அவள் சொன்னாச் சரி" என்றார். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, "எதுக்கும் அந்தக் கணக்காளரிட்டையும் நான் ஒருக்காக் கேக்கிறன்" என்றார்.

அந்த அம்மையார் இந்தச் சனிக்கிழமை வருகிறார். நான் பற்றுச்சீட்டுகளை மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மருந்துச் சீட்டொன்றைக் காணவில்லை, அதைத் தேடி அலுமாரியின் பின்புறம்வரை பார்த்தாயிற்று. "சோதினைக்குப் போற பொடியன் மாதிரி இருக்கிறியள்" என்று அம்மா சிரிக்கிறார். என்னைத் தெரியாத ஒருவர், என்மேல் பாசம் இல்லாத ஒருவர், நான் சரியாக நடந்தேனா என்று பார்க்கப்போகிறார். அச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை நாளும் பெரியம்மா என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை, சனிக்கிழமைக்குப் பிறகு இருக்கும்.

தன் தகப்பனின் கணக்கையே பார்க்க மறுத்தவளிடம் ஊரார் தயங்காமல் தங்கள் கணக்கைக் கொண்டுவரலாம். உன் பெயர்ப்பலகையில் இதை எழுத முடியாது. ஆகவே நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

மருந்துச் சீட்டை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா